சங்ககிரிக் கோட்டையும் 1930-ம்



போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் பழைய மாணவன் ஒருவன் கேட்டிருந்தான்: "சார், எல்லையில ராணுவம் நிக்குது, சரி. கம்ப்யூட்டருக்குள்ள வர்றவனை யாருங்க சார் தடுக்கறது? கவர்மெண்ட் இதை எப்போ இருந்து பாக்குது?" இரண்டு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. பழைய செய்திகளைத் தேடிப் படிக்கப் படிக்க, இது நான் முப்பது வருஷம் நடத்திய பாடப் புத்தகத்தில் விட்டுப்போன ஒரு பாடம் என்று பட்டது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

என்னிடம் படித்தவர்களுக்குச் சங்ககிரி மலை ஏறியது மறந்திருக்காது. வாசலுக்கு மேல் வாசலாக ஏறிப் போய், உச்சியில் நின்று கீழே பார்க்கச் சொல்வேன். "படை எந்தப் பக்கம் வந்தாலும் இங்கிருந்து தெரியும்" என்பேன். திப்புவிடம் இருந்த கோட்டை 1792 உடன்படிக்கைக்குப் பிறகு கம்பெனிக்காரன் கைக்குப் போனது, 1805-ல் தீரன் சின்னமலையை அங்கேதான் தூக்கில் போட்டார்கள் என்றெல்லாம் சொல்வேன். அப்போது யாராவது ஒருவன் கேட்பான், "அவ்வளவு பெரிய வீரரை எப்படி சார் பிடிச்சாங்க?" என்று. நேருக்கு நேர் நின்று பிடிக்கவில்லை, சமையல்காரன் காட்டிக்கொடுத்தான் என்பது நம் பக்கத்து வழக்கு. சொன்னதும் பிள்ளைகள் எல்லாரும் 'ச்சே' என்பார்கள். அந்த 'ச்சே' இந்தக் கட்டுரை முழுக்க உங்களுக்குத் தேவைப்படும்.

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடந்தது. ஊரெல்லாம் இனிப்பு கொடுத்தோம். அடுத்த மாதமே மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கணினிகளுக்குள் சிலர் நுழைந்து மின்னஞ்சல்களை எடுத்தார்கள். அவர்கள் எந்த நாட்டு உளவாளியும் இல்லை. அமெரிக்கா, இங்கிலாந்து, நியூசிலாந்து என்று வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு இணையத்தில் மட்டுமே பழகிய பதின்ம வயதுப் பையன்கள். அணு ஆயுதத்தை எதிர்க்கிறோம் என்று சொல்லிச் செய்தார்கள். நம் பள்ளியில் அப்போது கம்ப்யூட்டர் என்றால் தலைமையாசிரியர் அறையில் துணி போர்த்தி வைத்திருந்த ஒரே ஒரு பெட்டிதான். செய்தியைத் தினசரியில் படித்த ஞாபகம் கூட எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். அக்டோபர் 17-ல் நடைமுறைக்கு வந்தது. அணு மையத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்களே, அதற்காகத்தான் சட்டம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அந்தச் சட்டத்தின் மையம் வியாபாரம். கணினியில் போடும் கையெழுத்து செல்லுமா, மின்னணு ஒப்பந்தம் கோர்ட்டில் நிற்குமா என்பதுதான் அன்றைய கவலை. உலகம் முழுக்க மின்வணிகம் வருகிறது, நாமும் தயாராக வேண்டும் என்ற அவசரம். ஹேக்கிங் குற்றம் என்று ஒரு பிரிவு இருந்தது, அவ்வளவுதான். 2004 ஜனவரியில் சர்ட்-இன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கணினிகளுக்குத் தீயணைப்பு நிலையம் மாதிரி: எங்காவது பற்றிக்கொண்டால் சொல்லுங்கள், வருகிறோம்.

உலகத்துக்கு முதல் அதிர்ச்சி 2007-ல் வந்தது. எஸ்டோனியா என்று ஒரு சின்ன நாடு, நம் சேலம், நாமக்கல், ஈரோடு மூன்று மாவட்டத்தையும் சேர்த்தால் இருக்கிற ஜனத்தொகை கூட அங்கே கிடையாது. சோவியத் காலத்துச் சிலை ஒன்றை இடம் மாற்றிய தகராறில் அந்த நாட்டின் வங்கி, பத்திரிகை, அரசு இணையதளம் எல்லாவற்றையும் முடக்கினார்கள். இரண்டு வருஷம் கழித்து, 2009 மார்ச்சில் கனடா ஆராய்ச்சியாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 103 நாடுகளில் 1,295 கணினிகளை ஒரே உளவு வலை பிடித்து வைத்திருக்கிறது. அதில் தர்மசாலாவிலுள்ள தலாய் லாமாவின் அலுவலகமும் உண்டு, நம் தூதரகங்களும் உண்டு. அடுத்த வருஷ அறிக்கையில் டெல்லி தேசியப் பாதுகாப்பு மன்றச் செயலகத்தின் கணினியே இருந்தது. ரகசியம் என்று முத்திரை குத்திய காகிதங்கள் வெளியே போயிருந்தன. வழி சீனாவில் போய் முடிந்தது. இந்தச் செயலகத்தின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

ஆனால் நம் அரசின் கண் அப்போது வேறு பக்கம் இருந்தது. 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல். கராச்சியில் உட்கார்ந்துகொண்டு இணையத் தொலைபேசி வழியாகக் கொலைகாரர்களை இயக்கினார்கள். ஒரு மாதத்துக்குள், டிசம்பரில், தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் அதிக விவாதமில்லாமல் நிறைவேறியது. சைபர் பயங்கரவாதத்துக்கு ஆயுள் தண்டனை வரை வந்தது. முக்கியக் கட்டமைப்புகளைக் காக்கத் தனி அமைப்பு வேண்டும் என்ற பிரிவும் அதில்தான் வந்தது. நல்லது. ஆனால் அதே திருத்தத்தோடு 66ஏ என்றொரு பிரிவும் ஒட்டிக்கொண்டு வந்தது. 'மனம் புண்படும்படி' இணையத்தில் எழுதினால் மூன்று வருஷம் சிறை. கராச்சிக்காரன் யாரையும் அது பிடிக்கவில்லை. 2012-ல் புதுச்சேரியில் ஒரு சிறுதொழில்காரரை ஒரு ட்வீட்டுக்காகப் பிடித்தது. 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தூக்கி எறிந்தது. வெளியாளைப் பிடிக்கப் போட்ட வலையில் வீட்டுக் கோழி மாட்டுவது நாம் அடிக்கடி பார்ப்பதுதான்.

2010-ல் இன்னொன்று நடந்தது. எனக்கு இதில் எல்லாவற்றையும்விட ஆச்சரியம் தந்தது அதுதான். ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்தில் சுழலும் யந்திரங்களைக் கெடுப்பதற்கென்றே ஒரு வைரஸ் எழுதினார்கள். பெயர் ஸ்டக்ஸ்நெட். அந்த நிலையம் இணையத்தோடு இணைக்கப்படவே இல்லை. பென் டிரைவ் வழியாக உள்ளே போனது. யந்திரம் தாறுமாறாக ஓடும்போது, கண்காணிப்பவர் திரையில் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டியது. ஈரானுக்காக எழுதிய அந்த வைரஸ் அதிகம் பரவிய நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியா இருந்தது. நமக்குச் சேதமில்லை, ஆனாலும் வந்துவிட்டுப் போயிருக்கிறது. சின்னமலையின் சமையல்காரனை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

2013 ஜூனில் அமெரிக்காவின் ஸ்னோடன் காகிதங்கள் வெளியாகின. அவர்கள் அதிகம் தகவல் அள்ளும் நாடுகளில் இந்தியா ஐந்தாவது. எதிரிதான் எட்டிப் பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், சிநேகிதனும் பார்த்திருக்கிறான். ஜூலை 2-ல் நம் அரசு முதல் தேசிய சைபர் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது. ஐந்து வருஷத்தில் 5 லட்சம் பேருக்குப் பயிற்சி என்று அதில் எழுதியிருந்தது. 2014 ஜனவரியில், 2008-ல் சட்டம் சொன்ன அந்தத் தனி அமைப்பும் பிறந்தது. மின்சாரம், வங்கி, தொலைத்தொடர்பு, போக்குவரத்து இவற்றைக் காப்பது அதன் வேலை. சட்டம் வந்து அமைப்பு வர ஐந்து வருஷம். அந்த 2013 கொள்கைக்குப் பதிலாகப் புதிய வியூக ஆவணம் ஒன்று தயாராகிறது என்று பல வருஷமாகச் சொல்கிறார்கள். மக்கள் படிக்கும்படி அது இன்னும் வெளிவரவில்லை.

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம்.

2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி ஓர் அறிவிப்பு கொடுத்தது. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கு வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் முறை வழியாக, யாரோ உள்ளே புகுந்து மூன்று பரிமாற்றங்களைச் செய்திருக்கிறார்கள். சுமார் 20 லட்சம் டாலர். துபாய்க்கு ஒன்று, துருக்கிக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று. மறுநாள் கணக்கு ஒப்பிடும்போது கண்டுபிடித்தார்கள், ஒன்றை உடனே தடுத்தும்விட்டார்கள். 1904-ல் கும்பகோணத்தில் தொடங்கிய வங்கி அது. இரண்டு வருஷம் முன்பு வங்கதேசத்தின் மத்திய வங்கியிலேயே இதே வழியில் 8 கோடியே 10 லட்சம் டாலர் போயிருந்தது. அந்தத் திருட்டுக்கு வட கொரியாவைக் குற்றம்சாட்டியது அமெரிக்கா. ஒரு நாட்டின் அரசாங்கமே வங்கிக் கொள்ளை அடிக்கும் காலம் வரும் என்று நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. அதே 2018 ஆகஸ்டில் புனே காஸ்மாஸ் வங்கியில் 94 கோடி ரூபாய் போனது.

அடுத்த வருஷம் கூடங்குளம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

2019 அக்டோபர் 28 வாக்கில், கூடங்குளம் அணுமின் நிலையக் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று இணையத்தில் பேச்சு கிளம்பியது. 29-ம் தேதி நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது: கட்டுப்பாட்டுக் கணினிகள் தனியாக இருக்கின்றன, வெளி இணையத்தோடு இணைப்பில்லை, தாக்குதல் சாத்தியமே இல்லை என்று. 30-ம் தேதி இந்திய அணுமின் கழகம் இன்னோர் அறிக்கை கொடுத்தது. வைரஸ் இருந்தது உண்மை, சர்ட்-இன் செப்டம்பர் 4-ம் தேதியே தெரிவித்தது, நிர்வாக வேலைக்கான இணைய இணைப்புள்ள ஒரு கணினியில்தான் இருந்தது, அணு உலையை இயக்கும் பகுதிக்குப் போகவில்லை என்று அதில் இருந்தது.

இரண்டு அறிக்கையும் பொய்யில்லை என்றே வைத்துக்கொள்வோம். உலையின் கட்டுப்பாட்டை அவர்கள் தொடவில்லை. ஆனால் செப்டம்பர் 4-ல் தெரிந்ததை அக்டோபர் 30 வரை யாரும் ஊருக்குச் சொல்லவில்லை. கேட்டபோதும் முதல் பதில் 'நடக்கவே முடியாது' என்பதுதான். அந்த வைரஸ் டிட்ராக் வகையைச் சேர்ந்தது, வட கொரியாவோடு தொடர்புள்ள குழுவுடையது என்று கணினிப் பாதுகாப்பு நிறுவனங்கள் சொல்லின. நிர்வாகக் கணினியில் என்ன இருக்கும்? ஆள் பெயர், கடிதம், யாரிடம் என்ன சாமான் வாங்குகிறோம் என்ற பட்டியல். அடுத்த தடவை பென் டிரைவோடு யாரை அணுகலாம் என்று தெரிந்துகொள்ள அது போதுமே! ஸ்டக்ஸ்நெட் கதை தெரிந்தவர்களுக்கு 'இணைப்பு இல்லை' என்ற பதில் எப்படி ஆறுதலாகும்? பிள்ளை பரீட்சையில் தோற்றதை மறைத்தால் நாம் என்ன செய்வோம்? தோற்றதற்கு அடிப்பதைவிட மறைத்ததற்குத்தான் அதிகம் அடிப்போம். (அடித்ததற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், 1991 செட் பையன்களே.)

2020-ல் திசை மாறியது. ஜூன் 15 இரவு கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். அதில் நம் ராமநாதபுரத்துக்காரர் ஒருவரும் உண்டு. 29-ம் தேதி டிக்டாக் உள்பட 59 சீனச் செயலிகளுக்குத் தடை. அதுவரை 'யார் உள்ளே புகுந்தான்' என்று பார்த்த அரசு, 'நாமே காசு கொடுத்து வாங்கி உள்ளே வைத்திருப்பது எது' என்று பார்க்க ஆரம்பித்தது. தொலைபேசி நிறுவனங்கள் நம்பகமான இடத்திலிருந்துதான் கருவி வாங்க வேண்டும் என்ற உத்தரவு 2021 ஜூனிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அந்த 2020 செப்டம்பரில்தான் நம் எடப்பாடிக்காரர் முதல்வராக இருந்தபோது தமிழ்நாட்டுக்கென்று ஒரு சைபர் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டார். (அரசியல் பேசவில்லை. ஊர்ப் பெயர் வந்ததால் சொன்னேன். கமெண்டில் சண்டை வேண்டாம்.)

2020 அக்டோபர் 12-ல் மும்பை பெருநகரம் முழுக்க மின்சாரம் நின்றது. ரயில் நடுவழியில் நின்றது. அடுத்த பிப்ரவரியில் ஓர் அமெரிக்க நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. சீனத் தொடர்புள்ள குழு ஒன்று இந்திய மின்துறையின் 10 அமைப்புகளையும் இரண்டு துறைமுகங்களையும் குறிவைத்திருக்கிறது என்று. மும்பை மின்தடைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பதில் மாநில அமைச்சர் ஒன்று சொன்னார், மத்திய அரசு இல்லை என்றது. அது போகட்டும். அந்த இரண்டு துறைமுகங்களில் ஒன்று தூத்துக்குடி, வ.உ.சிதம்பரனார் பெயரில் உள்ள துறைமுகம். 1906-ல் வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய மனிதரின் பெயர் தாங்கிய துறைமுகத்தை, நூற்றிப் பதினைந்து வருஷம் கழித்து இன்னொருவன் வேறு வழியில் நோட்டம் பார்க்கிறான். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு மின்துறைக்குத் தனி விதிமுறைகள் 2021-ல் வந்தன. மின் நிலையம் ஒன்றில் வேலை பார்க்கும் மாணவன் போன தீபாவளிக்கு வந்தபோது சொன்னான்: "சார், முன்னெல்லாம் பென் டிரைவ்ல சினிமாப் பாட்டு கொண்டு போவோம். இப்ப கேட்லயே பையைத் தடவறாங்க." மேட்டூர் அனல் மின் நிலையம் மட்டும் 1,440 மெகாவாட். நம் தறி, கோழிப் பண்ணை, ஜவ்வரிசி ஆலை எல்லாம் ஓடுவது மின்சாரத்தில். பண்ணையில் கோடைகாலத்தில் சில மணி நேரம் ஃபேன் நின்றால் என்ன ஆகும் என்று நாமக்கல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2022 ஏப்ரலில், கணினித் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும் என்று சர்ட்-இன் உத்தரவு போட்டது. எட்டு வாரம் எங்கே, ஆறு மணி எங்கே! அந்த நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. இரண்டு வாரத்துக்கு டாக்டர்கள் பேனா எடுத்துச் சீட்டு எழுதினார்கள். 2024 செப்டம்பரில் மத்திய அரசு வேலையைப் பிரித்தது: தொலைபேசி வலைப்பின்னல் தொலைத்தொடர்புத் துறைக்கு, சைபர் குற்றம் உள்துறைக்கு, எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பது தேசியப் பாதுகாப்பு மன்றச் செயலகத்துக்கு. 2010 அறிக்கையில் யாருடைய கணினி இருந்தது என்று ஞாபகம் வருகிறதா?

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் சமயத்தில் நம் உறவினர் குழுவில் நடந்த கூத்தும் இந்த வரலாற்றில் சேர்த்திதான். பாகிஸ்தான் சைபர் தாக்குதலில் இந்தியாவின் 70 சதவீத மின்கட்டமைப்பு செயலிழந்துவிட்டது என்று ஒரு செய்தி. அது பொய் என்று அரசே அன்று அறிவித்தது. ஆனால் நம் வீட்டுக் குழுவில் மூன்று பேர் ஃபார்வர்டு செய்தார்கள், மச்சான் ஒருவர் இரண்டு பவர் பேங்க் வாங்கி வந்தார். அன்று ராத்திரி நம் தெருவில் கரண்ட் போனது உண்மைதான். தென்னை மட்டை கம்பி மேல் விழுந்திருந்தது. நிஜத் தாக்குதலும் நடந்தது. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட முயற்சிகள், அதில் 150 மட்டும் பலித்தன என்று மகாராஷ்டிர சைபர் காவல் பிரிவு சொன்னது.

இவ்வளவும் எழுதியது ஒரு ஆளுக்காக. என்னோடு பல வருஷம் வேலை பார்த்த கணக்கு ஆசிரியர். ராசிபுரம் பக்கம். "எழுது, பேரு மட்டும் போடாதே" என்றார்.

போன வருஷம் அவருக்கு வீடியோ கால் வந்தது. காக்கி உடுப்பில் ஒருவன், பின்னால் போலீஸ் சின்னம். உங்கள் ஆதார் எண்ணில் பார்சல் போயிருக்கிறது, உள்ளே போதைப் பொருள், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், கேமராவை அணைக்கக் கூடாது, மகனிடம் கூடச் சொல்லக் கூடாது. இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். சாப்பிடும்போதும் போனைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். மூன்றாம் நாள் வங்கிக்குப் போய் டெபாசிட்டை உடைத்தார். "எதுக்குங்கய்யா இவ்வளவு பணம்?" என்று அங்கே கேட்டதற்கு, "காடு வாங்கறேன்" என்று அவர்கள் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார். ஓய்வூதியப் பணம் 14 லட்சம். பிறகு நான்கு நாள் யாரிடமும் பேசவில்லை. மகன் சந்தேகப்பட்டுக் கேட்டபோதுதான் அழுதிருக்கிறார்.

1930 என்றால் எனக்கு உப்புச் சத்தியாகிரகம். நம் சேலத்தில் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தது. அதே எண்தான் இப்போது சைபர் மோசடிக்குப் புகார் சொல்லும் எண். சீக்கிரம் கூப்பிட்டால் பணம் கை மாறுவதற்குள் நிறுத்திவைக்க முடியும். நான்கு நாள் கழித்துக் கூப்பிட்ட என் சிநேகிதருக்கு 2 லட்சத்துச் சொச்சம் மட்டும் பிடிபட்டது. 2024-ல் மட்டும் நாட்டில் இப்படிப் போன பணம் 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை நாடாளுமன்றத்தில் சொன்னது. முந்தின வருஷம் 7,465 கோடி. அந்த அக்டோபரில் பிரதமர் வானொலியில் டிஜிட்டல் அரெஸ்ட் பற்றி எச்சரித்தார். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்குகளை சிபிஐ விசாரிக்கச் சொன்னது. வியாபாரக் கையெழுத்து, பயங்கரவாதம், அணு உலை, சீனக் கருவி என்று நகர்ந்த அரசின் பார்வை கடைசியில் ஓய்வு பெற்ற வாத்தியாரின் சமையலறைச் சுவர் வரை வந்துவிட்டது. வந்தது நல்லது. ரொம்பத் தாமதமாக வந்தது என்பது என் வருத்தம். முன்பு பார்த்ததை விட்டுவிட்டு இதைப் பார்க்கிறார்களோ என்பது என் பயம்.

இன்னொன்று. அந்த அழைப்புகளில் பல கம்போடியா, மியான்மர், லாவோஸ் பக்கமிருந்து வருகின்றன. வேலைக்கென்று கூட்டிப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, அடித்து இந்த வேலையைச் செய்ய வைக்கிறார்கள். 2022 அக்டோபரில் மியான்மரின் மியாவடியிலிருந்து மீட்டு வந்தவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகள் 13 பேர் இருந்தார்கள். 'வெளிநாட்டு எதிரி' என்று நான் எழுதிக்கொண்டு வந்தேன் அல்லவா, கம்பியின் அந்த முனையில் உட்கார்ந்திருப்பது சில சமயம் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன நம் வீட்டுப் பையன்.

"நான் கணக்கு வாத்தியாரு. என்னால எப்படி நம்ப முடிஞ்சது?" என்று சிநேகிதர் இன்னமும் கேட்கிறார். அவர் நம்பியது அந்தக் காக்கி உடுப்பை. அரசாங்கம் என்றால் எழுந்து நிற்கப் பழகிய தலைமுறை நாங்கள். உங்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை 1994 செட் பிள்ளைகள் சங்ககிரி மலை ஏறுகிறார்களாம், என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். முழங்கால் விட்டால் முதல் மூன்று வாசல் வரை வருவேன். அவரையும் அழைத்து வருகிறேன். யாரும் அவரிடம் பணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.